கலத்தசராய்: வகுப்பறையில் பிறந்த கழகம். பெயர், நிறம், முத்திரை எங்கிருந்து வந்தன?

#1 வடக்குமேடை

இஸ்தான்புல் கலத்தசராய் கால்பந்துக் கழகத்தின் தொடக்கத்தைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை தயாராகிறது. கோப்பைக் கணக்கு எங்கும் கிடைக்கிறது. சிக்கல் அதற்கு முந்தைய பகுதியில்தான். ஒருவர் 1481 என்கிறார், இன்னொருவர் 1905 என்கிறார். மஞ்சளும் சிவப்பும் சுல்தானுக்குக் கொடுத்த ரோஜாக்கள் என்று ஒரு கதை, துணிக்கடையில் கண்டெடுத்தவை என்று ஒரு கதை. முத்திரையில் இருப்பது அரபு எழுத்தா, ஜி-எஸ்ஸா? சிங்கம் எப்போது வந்தது? எதை உறுதியாக எழுதலாம், எதைச் சொல்வழக்கு என்று பிரித்து எழுத வேண்டும்? தெரிந்தவர்கள் காரணத்தோடு சொன்னால் நல்லது.

#2 பழையஏடு

மூன்று ஆண்டுகளைத் தனித்தனியாக வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

1481: இரண்டாம் பாயசீத் அரியணை ஏறிய ஆண்டு. பள்ளி தன் வேரை அங்கே வைத்துச் சொல்கிறது. அரண்மனைப் பணிக்கு இளைஞர்களைப் பயிற்றும் இடமாக இஸ்தான்புல்லின் கலதா மேட்டில் ஓர் அரண்மனைப் பள்ளி இருந்தது. கலதா சராயி என்றால் கலதா அரண்மனை. சராய் என்ற சொல் நமக்குப் புதிதல்ல, சத்திரம் சராய் என்று நாம் கேட்டிருக்கிற அதே பாரசீகச் சொல்தான். துருக்கியில் அது அரண்மனையைக் குறிக்கிறது.

1868: இன்றைய பள்ளிக்கு உருவம் கொடுத்த ஆண்டு. சுல்தான் அப்துல் அசீஸ் காலத்தில், செப்டம்பர் 1 அன்று, மெக்தெப்-இ சுல்தானி என்ற பெயரில் திறந்தார்கள். 'சுல்தானின் பள்ளி' என்று பொருள். பிரான்சின் லிசே எனும் உயர்நிலைப் பள்ளிகளைப் பார்த்து அமைத்தது, பாடமும் பிரெஞ்சில். முஸ்லிம், கிரேக்கர், ஆர்மீனியர், பல்கேரியர், யூதர் என்று உஸ்மானிய (ஒட்டோமான்) பேரரசின் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இதைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள். கழகத்தின் முதல் பட்டியலில் போரிஸ், பாகிச் போன்ற பெயர்கள் ஏன் இருக்கின்றன என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

1905: கழகம்.

ஆக, "1481-இல் தொடங்கிய கழகம்" என்று எழுதினால் தவறு. "1481 வரை தன் வேரைச் சொல்லும் பள்ளியில், 1905-இல் பிறந்த கழகம்" என்றால் சரி.

எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒரு வார்த்தை. துருக்கியின் 't' நம் 'த' போலப் பல்லில் ஒலிப்பது. அதனால் கலத்தசராய் என்பதே நெருக்கம். 'ட' போட்டு எழுதும் வழக்கம் ஆங்கிலம் வழியாக வந்தது.

#3 வடக்குமேடை

நன்றி ஐயா. 1905-இல் எந்த நாள்? ஓரிடத்தில் அக்டோபர் 17, ஓரிடத்தில் அக்டோபர் 30. இரண்டில் ஒன்றை அடித்துவிடலாமா?

#4 பழையஏடு

அடிக்க வேண்டாம், இரண்டும் ஒரே நாள். அன்று உஸ்மானிய அலுவல்களில் ரூமி நாட்காட்டி நடைமுறையில் இருந்தது. அதில் ஆண்டெண் வேறு, நாளும் பின்தங்கி இருக்கும். மாற்றும் முறை இது:

நாளோடு 13-ஐக் கூட்டுங்கள். ரூமியின் மாதங்கள் ஜூலியன் கணக்கு. 1900 மார்ச்சுக்குப் பின் கிரிகோரியனோடு உள்ள இடைவெளி 13 நாள். அதற்கு முந்தைய நூற்றாண்டில் 12 நாள்தான், 1868-க்கு இதே 13-ஐப் போட்டால் பிசகும்.

ஆண்டோடு 584-ஐக் கூட்டுங்கள். ரூமி ஆண்டு மார்ச் 1-இல் தொடங்கியதால் மார்ச் முதல் டிசம்பர் வரை 584; ஜனவரி, பிப்ரவரி நாட்களுக்கு 585.

இப்போது பாருங்கள். 17 தெஷ்ரீனியெவ்வெல் 1321. தெஷ்ரீனியெவ்வெல் என்றால் அக்டோபர். 17 + 13 = 30. 1321 + 584 = 1905. ஆக 1905 அக்டோபர் 30. நாளை மாற்றாமல் ஆண்டை மட்டும் மாற்றினவர்கள் "1905 அக்டோபர் 17" என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆனால் இந்த நாளையே எல்லோரும் ஏற்கவில்லை. பொதுவாக ஏற்கப்பட்டது அக்டோபர் 30; மாதமும் ஆண்டும் உறுதி. "1905 அக்டோபரில்" என்று எழுதிவிட்டு, நாளை அடுத்த வாக்கியத்தில் இந்த விளக்கத்தோடு கொடுங்கள்.

#5 கடிகோய்ப்படகு

அந்த அக்டோபரில் நடந்தது என்ன என்பதையும் சேர்த்துவிடுகிறேன். அந்தப் பள்ளியின் கணக்கில் ஐந்தாம் வகுப்பு (நம் ஐந்தாம் வகுப்பு அல்ல), மெஹ்மெத் அத்தா பே ('பே' மரியாதைச் சொல்) நடத்திய இலக்கிய வகுப்பு. கழகத்தைத் தொடங்கிய மாணவர் அலி சாமிக்கு 19 வயது. தந்தை ஷெம்செத்தின் சாமி, 'காமூஸ்-இ துர்க்கி' அகராதியைத் தொகுத்த அல்பேனிய எழுத்தாளர். நண்பர்களோடு சேர்ந்து அலி சாமி ஒரு குழு அமைத்தார். அவர் வைத்த குறிக்கோள் மூன்று: ஆங்கிலேயரைப் போலக் கூட்டாக ஆடுவது, தமக்கென ஒரு நிறமும் பெயரும் கொள்வது, துருக்கியர் அல்லாத அணிகளை வெல்வது.

நடுவில் இருப்பதைக் கவனியுங்கள். நிறமும் பெயரும் குறிக்கோளுக்குள்ளேயே இருக்கின்றன. இந்தக் கழகத்தில் சின்னங்கள் பின்னால் ஒட்டிவைத்த அலங்காரம் அல்ல, தொடங்கிய நாளின் வேலைப்பட்டியலில் இருந்தவை.

பெயருக்கு முதலில் வந்த யோசனைகள் இரண்டு: 'குளோரியா' (புகழ், வெற்றி), 'ஒதாஸ்' (துணிவு). பிரெஞ்சில் படித்த பிள்ளைகளின் காது அப்படி. இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் உள்ள கடிகோய் என்ற பகுதியில் ஃபோர் பள்ளி அணியோடு முதல் ஆட்டம், 2-0 வெற்றி. பார்த்தவர்கள் இவர்களைக் 'கலதா சராயி எஃபெந்திலெரி', அதாவது கலதா சராய்க் கனவான்கள் என்று அழைத்தார்கள். அந்த அழைப்பே பெயராக நின்றது. பெயரை இவர்கள் சூட்டிக்கொள்ளவில்லை, மைதானத்து ஓரத்தில் நின்றவர்கள் கொடுத்தார்கள்.

#6 வடக்குமேடை

"துருக்கியர் அல்லாத அணிகளை வெல்வது" என்பதும் அணியில் பல்கேரியர் இருந்ததும் முரணாகத் தெரிகிறதே?

#7 கடிகோய்ப்படகு

அன்றைய களத்தை வைத்துப் பார்த்தால் முரண் இல்லை. 1904-இல் இஸ்தான்புல்லில் தொடங்கிய லீக்கில் கடிகோய், மோடா, கிரேக்கர்களின் எல்பிஸ், பிரிட்டிஷ் தூதரகக் கப்பலின் பெயர் கொண்ட இமோஜின் ஆகியவை ஆடின. ஞாயிறு விடுமுறை கொண்டவர்களின் லீக் அது. துருக்கிய இளைஞர்கள் கூட்டம் சேர்வதே சுல்தான் அப்துல் ஹமீத் ஆட்சியில் உளவாளிகளின் கண்ணில் படும். 1901-இல் துருக்கியர்கள் அமைத்த முதல் அணி 'பிளாக் ஸ்டாக்கிங்' என்று ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டுகூட ஓர் ஆட்டத்தைத் தாண்டவில்லை. 26 அக்டோபர் 1901, கிரேக்க அணியிடம் 5-1 தோல்வி, அதோடு காவல்துறையும் வந்துவிட்டது.

ஆகவே அந்த வாக்கியம் சொல்வது, லீக்கை ஆண்ட ஆங்கில, கிரேக்க அணிகளை எதிர்த்து ஆடுவோம் என்று. தன் வகுப்புத்தோழன் போரிஸை வெளியே நிறுத்துவோம் என்று அதற்குப் பொருள் இல்லை. போரிஸ் நிக்கோலோஃப், மிலோ பாகிச் இருவரும் அதே பள்ளிப் பிள்ளைகள்; அணியின் எல்லைக்கோடு பள்ளியின் வாசல்தான். இந்த லீக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆங்கிலேயர் ஹோரஸ் ஆர்மிட்டேஜ் பின்னாளில் கலத்தசராய்க்கே ஆடினார்.

ஆட்டங்கள் நடந்தது கடிகோயின் பாதிரியார் புல்வெளியில். ஐரோப்பியக் கரையிலிருந்து படகில் பாஸ்பரஸைக் கடந்து போய் ஆட வேண்டும். அந்த இடத்தில்தான் இன்று போட்டிக் கழகமான ஃபெனர்பாஹ்செயின் அரங்கம் நிற்கிறது. 1908-09, 1909-10, 1910-11 என்று மூன்று பருவம் தொடர்ந்து இஸ்தான்புல் லீக்கை வென்றார்கள். மூன்றாவது குறிக்கோள் நான்கே ஆண்டில் கைகூடியது.

#8 பழையஏடு

நிறத்துக்கு வருவோம். இதில் அவசரப்பட்டால் தவறு நிச்சயம்.

முதல் நிறம் மஞ்சள்-சிவப்பு அல்ல. சிவப்பும் வெள்ளையும், நாட்டுக் கொடியின் நிறம். கொடியின் நிறத்தில் இளைஞர் கூட்டம் ஒன்று ஓடியாடுவது அன்றைய ஆட்சிக்குப் பிடிக்கவில்லை. இடையில் மஞ்சளோடு ஓர் அடர்நிறம் சேர்ந்த சட்டை கொஞ்ச காலம் வந்து போனது; அந்த அடர்நிறத்தைச் சிலர் கருநீலம் என்கிறார்கள், சிலர் கருப்பு என்கிறார்கள். மஞ்சள்-சிவப்பு நிலைத்தது 1908 டிசம்பரில், பாராம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அணியோடு ஆடிய ஆட்டத்தை ஒட்டி. 1908 ஜூலையில் அரசியல் சட்டம் மீண்டும் நடைமுறைக்கு வந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஐந்து மாதத்துக்கு முன் கெடுபிடி தளர்ந்திருந்தது.

அலி சாமி விட்டுச்சென்ற நினைவுக்குறிப்பில் இந்த இடம் அழகானது. இஸ்தான்புல்லின் பாஹ்செகாபியில் 'குண்டு யாங்கோ' என்று பெயர்பெற்ற கடைக்காரரிடம் போகிறார்கள். பல கடை ஏறி இறங்கிய பிறகு இரண்டு மென்மையான கம்பளித் துணிகள் கண்ணில் படுகின்றன. ஒன்று செர்ரிப்பழத்தின் அடர்வை நோக்கிச் சாயும் சிவப்பு. மற்றது ஆரஞ்சுச் சாயல் கொண்ட கெட்டியான மஞ்சள். கடைக்காரர் இரண்டையும் ஒரே கையில் பிடித்து அலையாக வீசிக் காட்டுகிறார். மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது சாக்கா குருவியின் தலைக்கும் சிறகுக்கும் இடையில் தெரியும் மினுக்கம் அலி சாமிக்குத் தெரிகிறது. அந்தக் குருவிக்கு முகத்தில் சிவப்பு, சிறகில் மஞ்சள் பட்டை. பிறகு அதையே தீயின் நாக்காக நினைத்துப் பார்க்கிறார்கள்.

இதில் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. படம் வரைகிறவர்கள் போஸ்ட் பெட்டிச் சிவப்பையும் எலுமிச்சை மஞ்சளையும் போடுகிறார்கள். இரண்டும் தவறு. சிவப்பு அரக்குப் பக்கம் சாய வேண்டும். மஞ்சள் பழுத்த மாம்பழத்தின் மஞ்சளாக இருக்க வேண்டும். எலுமிச்சை மஞ்சளை வைத்தால் வேறு ஏதோ அணி போலத் தெரியும்.

#9 பட்டுநூல்

அப்படியானால் ரோஜா? குல் பாபா கதை எல்லா இடத்திலும் இருக்கிறது.

#10 பழையஏடு

கதை இது. வேட்டைக்குப் போன இரண்டாம் பாயசீத், மேட்டில் தோட்டம் வைத்திருந்த குல் பாபா என்ற தர்வேஷை, அதாவது சூஃபித் துறவியைச் சந்திக்கிறார். அவர் ஒரு மஞ்சள் ரோஜாவையும் ஒரு சிவப்பு ரோஜாவையும் கொடுத்து, இந்த இடத்தில் ஒரு பள்ளி கட்டித் தாருங்கள் என்று கேட்கிறார். குல் என்றாலே ரோஜா.

இடிக்கிற இடம்: வரலாற்றில் அறியப்படும் குல் பாபா பெக்தாஷி என்ற சூஃபி மரபின் துறவி. அவர் கல்லறை ஹங்கேரியின் புடாவில் இருக்கிறது. 1541-இல் உஸ்மானியர் புடாவைப் பிடித்தபோது அங்கே இறந்தவர். 1481-இல் தோட்டம் வைத்த பெரியவர் 60 ஆண்டு கழித்துப் படையோடு புடா போனார் என்றால் வயதுக் கணக்கு மிகவும் இழுபடும். ஒரே பெயரில் இருவர் இருந்திருக்கலாம், அல்லது புகழ்பெற்ற பெயர் பழைய கதைக்குள் வந்து உட்கார்ந்திருக்கலாம். அதோடு துணிக்கடைக் கணக்கில் ரோஜா வருவதில்லை.

அதற்காகக் கதையைத் தூக்கிப் போட வேண்டாம். பள்ளி அதை அன்போடு காப்பாற்றுகிறது. பள்ளி எப்படித் தொடங்கியது என்று சொல்லும் மரபு ரோஜா. கழகம் எப்படி நிறம் வாங்கியது என்று சொல்லும் சாட்சியம் துணிக்கடை. இரண்டையும் ஒரே பத்தியில் "ஆகவே" போட்டு இணைத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

#11 பட்டுநூல்

ஏற்கிறேன். பாதி மஞ்சள் பாதி சிவப்புச் சட்டைக்குத் துருக்கியில் 'பார்ச்சாலி ஃபோர்மா' என்று பெயர். பார்ச்சா என்றால் துண்டு. கண்காட்சிக்கோ நாடகத்துக்கோ அந்தச் சட்டையைத் தைப்பவர்கள் வழக்கமாக எங்கே தவறுகிறார்கள் என்று சொல்கிறேன்.

முதலாவது, நடுத்தையல். முழுச்சட்டை அளவுக்காகிதத்தை நடுவில் மடித்து, ஒரு பாதியை மஞ்சளிலும் ஒரு பாதியை சிவப்பிலும் வெட்டிவிடுகிறார்கள். முழுச்சட்டையில் நடுவில் தையல் கிடையாது, எனவே காகிதத்தில் அதற்கு இடம் இருக்காது. ஒவ்வொரு பாதிக்கும் நடுக்கோட்டில் 1.5 செ.மீ. கூடுதலாக விட வேண்டும். விடாவிட்டால் முன்பக்கத்தில் 3, முதுகில் 3, மொத்தம் 6 செ.மீ. குறையும். 108 செ.மீ. சுற்றளவு வர வேண்டிய சட்டை 102-இல் வந்து மார்பில் பிடிக்கும்.

இரண்டாவது, காகிதத்தைத் திருப்பிப் போட மறப்பது. துணிக்கு நல்ல பக்கம், பின்பக்கம் உண்டு. மஞ்சளை வெட்டியபின் காகிதத்தைக் கவிழ்த்துப் போட்டுச் சிவப்பை வெட்ட வேண்டும். மறந்தால் இரண்டுமே வலப்பாதியாக வந்து நிற்கும்.

மூன்றாவது, சாயம். சிவப்பு மஞ்சளில் இறங்கினால் நடுத்தையலின் ஓரம் முழுக்க ஆரஞ்சுக் கறை. வெட்டுவதற்கு முன்பே ஈர வெள்ளைத் துணியைச் சிவப்பின் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் கறை பட்டால், தண்ணீர் தெளிந்து வரும்வரை சிவப்பைத் தனியாகக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். கம்பளி என்றால் இரண்டு துணியையும் முன்பே நனைத்துச் சுருங்கவிட வேண்டும். ஒன்று மட்டும் பின்னால் சுருங்கினால் நடுக்கோடு பாம்பாக வளையும்.

கைகளின் நிறமும், விலாவில் எந்த நிறம் எதோடு சேர்கிறது என்பதும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. எந்த ஆண்டின் சட்டை என்று முடிவு செய்து, அந்த ஆண்டின் படத்தைப் பார்த்து வெட்டுங்கள்.

#12 இருட்டறை

"படத்தைப் பார்த்து" என்றதால் ஓர் எச்சரிக்கை. 1920-களுக்கு முந்தைய கருப்பு வெள்ளைப் படங்கள் நிறத்தைப் பற்றிப் பொய் சொல்லும். அன்றைய ஒளிப்படத் தகடுகள் பெரும்பாலும் ஆர்த்தோகுரோமேட்டிக் வகை. நீலத்துக்கு நன்றாக ஒளி வாங்கும், சிவப்புக்கு ஏறக்குறைய வாங்காது. அதனால் அச்சில் சிவப்பு கருப்பாக விழும். மஞ்சளும் நாம் எதிர்பார்ப்பதுபோல வெளிச்சமாக இராது, சாம்பலில் இறங்கியே நிற்கும்.

விளைவு என்ன? சிவப்பு-வெள்ளைச் சட்டை கருப்பு-வெள்ளை போலத் தெரியும். மஞ்சள்-சிவப்பும் மஞ்சள்-கருப்பும் ஒன்று போலவே தெரியும். இடைக்காலச் சட்டை எது என்ற சண்டையைப் படத்தை வைத்து மட்டும் தீர்க்க முடியாததற்குக் காரணம் இதுதான். இணையத்தில் சுற்றும் நிறமேற்றிய படங்களில் நிறமேற்றியவரின் ஊகம்தான் இருக்கிறது, சான்று இல்லை.

இன்னொன்று, கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்து அச்சிட்டால் இடம் வலம் மாறிவிடும். பாதிப்பாதிச் சட்டைக்கு இது பெரிய ஆபத்து. சரிபார்க்கும் வழி: ஆண்கள் மேற்சட்டையில் பொத்தான்துளை இடப்பக்கம் இருக்கும். பின்னணியில் கடைப் பலகை இருந்தால் எழுத்தைப் பாருங்கள். பலகை அரபு எழுத்தில் இருந்தால் அது இடம் வலமாகத் திரும்பியிருப்பதே பலர் கண்ணுக்குப் படுவதில்லை. படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

#13 வில்லைப்பெட்டி

முத்திரை என் பங்கு.

முதல் முத்திரையை வரைந்தவர் 333 ஷெவ்கி எகே. பெயருக்கு முன்னால் இருக்கும் 333 பள்ளி எண். அந்தப் பள்ளியில் சேரும்போது கொடுக்கும் எண் வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும். பழைய மாணவர்கள் இன்றும் பெயருக்கு முன்னால் அதை எழுதுவார்கள். கட்டுரையில் எண்ணை நீக்கிவிடாதீர்கள். கழகம் பள்ளியிலிருந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சிறிய, உறுதியான அடையாளம் கிடைக்காது.

அவர் வரைந்தது சிறகு விரித்த கழுகு, அலகில் கால்பந்து. நிலைக்கவில்லை. கழுகு என்றதும் இன்று எல்லோருக்கும் இன்னொரு இஸ்தான்புல் கழகமான பெஷிக்தாஷ் ஞாபகம் வரும், ஆனால் பெஷிக்தாஷுக்குக் 'கருங்கழுகு' என்ற பெயர் 1941-இல் வந்தது. பழைய தாளில் கழுகும் பந்தும் பார்த்தால் உடனே பெஷிக்தாஷ் என்று முடிவு கட்ட வேண்டாம்.

இரண்டாவது, இன்றைய முத்திரையின் தாய். 1923-இல் 74 அயெத் எமின் வரைந்தது. கைன், சீன் என்ற இரண்டு அரபு எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று. கலதாவின் முதலெழுத்து கைன், சராயின் முதலெழுத்து சீன். (ஃபெனர்பாஹ்செயின் தொடக்கத்தில் வரும் அயெதுல்லா பே வேறு ஆள். பெயர் ஒத்திருப்பதால் இருவரையும் கலந்துவிடுகிறார்கள்.)

குர்ஆன் ஓதப் படித்தவர்களுக்கு இந்த எழுத்துகளைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: கைன் மேலே திறந்த சிறு வாய், கீழே உப்பிய வயிறு, தலைக்கு மேல் ஒரு புள்ளி. புள்ளியை எடுத்தால் அது ஐன் என்ற வேறு எழுத்து. சீன் மூன்று பல், பிறகு ஒரு கிண்ணம், புள்ளி கிடையாது. அழகுக்காக மூன்று புள்ளி வைத்தால் ஷீன் ஆகிவிடும். அரபு எழுத்து தெரியாமல் வரைகிறவர்கள் தவறுவது இந்தப் புள்ளிகளில்தான். பார்த்து வரையும்போது மூலத்தை ஒட்டியே போங்கள்.

1928 நவம்பர் 1 அன்று துருக்கி இலத்தீன் எழுத்துக்கு மாறும் சட்டம் வந்தது. டிசம்பர் 1 முதல் நாளிதழும் பலகையும், 1929 ஜனவரி 1 முதல் நூலும் அலுவலகமும். கைன், சீன் இரண்டும் ஜி, எஸ் ஆயின. ஒன்றைப் பிணைத்து ஒன்று நிற்கும் அமைப்பு மட்டும் அப்படியே தொடர்ந்தது. ஒரு நாட்டின் எழுத்தே மாறியபோது, முத்திரையில் எழுத்துகளை மட்டும் மாற்றிப் பிணைப்பைக் காப்பாற்றியிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கழகத்தின் சின்னங்களில் மிகவும் பிடித்தது இதுதான்.

#14 நாணயக்கண்

இதை வைத்துப் பழைய வில்லைகளை, அதாவது சட்டையில் குத்தும் உலோகச் சின்னங்களைக் காலம் கணிக்கலாமா? ஏலத்தில் அரபு எழுத்து முத்திரை போட்டு "1905 அசல்" என்று வருகின்றன.

#15 வில்லைப்பெட்டி

1905 என்று சொல்லி கைன்-சீன் முத்திரை வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம், அந்த வடிவம் பிறந்ததே 1923-இல். உண்மையானது என்றால் 1923-க்கும் 1928 இறுதிக்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும்.

அடுத்து எண்களைப் பாருங்கள். துருக்கி இன்று நாம் எழுதும் எண்வடிவத்தை ஏற்றது 1928 மே மாதம், எழுத்துக்கு ஆறு மாதம் முன்பு. அதுவரை அரபு எழுத்தோடு கிழக்கு அரபு எண்கள்தான் இயல்பு. ஆகவே ஒரே வில்லையில் அரபு எழுத்தும் பக்கத்தில் நம் வடிவில் '1905'-ம் இருந்தால் பின்னாளைய நினைவு வெளியீடாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், பின்புற ஊசி, எனாமல், உலோகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் விலை பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

#16 கடிகோய்ப்படகு

கழகத்தின் இரண்டு செல்லப்பெயர்கள், சிங்கம், ஜிம்பொம் (Cimbom), இரண்டையும் சுருக்கமாக. 'அஸ்லான்' என்றால் சிங்கம். 1920-களில் அணியின் தூணாக நின்ற நிஹாத் பெக்திக்கை 'அஸ்லான் நிஹாத்' என்று அழைத்தார்கள். ஒரு ஆட்டக்காரரின் பட்டப்பெயர் கழகத்துக்கே ஆயிற்று. முத்திரைக்குள் சிங்கம் கிடையாது, கொடியிலும் கோஷத்திலும்தான்.

'ஜிம்பொம்' என்று படிக்க வேண்டும். துருக்கியில் 'c' என்பது ஜ. சுவிட்சர்லாந்தில் கேட்ட ஒரு பாட்டின் அடியிலிருந்து வந்தது என்று சொல்லப்படுகிறது. இதைச் சொல்வழக்கு என்றே குறித்துவிடுங்கள்.

#17 நாணயக்கண்

சட்டையில் இருக்கும் நட்சத்திரங்களும் சின்னம்தானே? ஐரோப்பியக் கோப்பைக்கு ஒன்று என்று ஓர் இடத்தில் படித்தேன்.

#18 கடிகோய்ப்படகு

இல்லை. ஐந்து லீக் பட்டத்துக்கு ஒரு நட்சத்திரம், துருக்கிய சம்மேளனத்தின் கணக்கு. 2000 மே 17 அன்று கோபன்ஹேகனில் ஆர்சனலைப் பெனால்டியில் 4-1 என்று வென்ற யூஇஎஃப்ஏ கோப்பைக்கு இதில் இடமில்லை. 2014-15 பட்டம் இருபதாவது, நான்காம் நட்சத்திரம். 2024-25 இருபத்தைந்தாவது, ஐந்தாம் நட்சத்திரம். சட்டையில் நான்கு இருந்தால் 2015-க்குப் பின், ஐந்து இருந்தால் 2025-க்குப் பின்.

#19 பட்டுநூல்

பள்ளிக்கும் கழகத்துக்கும் இன்று தொடர்பு என்ன? பெயர் மட்டுமா?

#20 பழையஏடு

பெயரோடு நிற்கவில்லை. பள்ளியில் படித்து முடித்தவர்கள் கழகத்தில் உறுப்பினராக ஒரு தனி வழி உண்டு. நிர்வாகத்தில் பள்ளிக்காரர்களின் செல்வாக்கு நெடுங்காலமாகப் பேசப்படும் விஷயம். 1992-இல் கலத்தசராய் பல்கலைக்கழகம் வந்தபின் பள்ளி, பல்கலைக்கழகம், கழகம் மூன்றும் ஒரே குடும்பமாகக் கருதப்படுகின்றன. ஆண்டுதோறும் 'பிலாவ் நாள்' அன்று பழைய மாணவர்கள் பள்ளி வளாகத்தில் கூடிப் பிலாவ் சாப்பிடுகிறார்கள், எல்லா வயதினரும் எண் சொல்லி அறிமுகம் செய்துகொள்வார்கள். பெயோலுவில் பள்ளிக்குப் பக்கத்தில் ஹஸ்னுன் காலிப் தெரு இருக்கிறது. 1915-இல் சனாக்கலே போர்முனையில் இறந்த கலத்தசராய் ஆட்டக்காரரின் பெயர் அது.

#21 வடக்குமேடை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் வாக்கியத்தை எழுதிவிட்டேன், பாருங்கள்:

"1905 அக்டோபரில், கலத்தசராய் லிசேயில், அலி சாமி யென் கலத்தசராய் கழகத்தை நிறுவினார்."

#22 பழையஏடு

செய்தி சரி. ஆனால் இந்த வாக்கியத்தில் இருக்கும் மூன்று பெயருமே 1905 அக்டோபரில் இல்லை.

கலத்தசராய் லிசே என்ற பெயர் குடியரசுக் காலத்தது; அன்று அது மெக்தெப்-இ சுல்தானி. யென் என்ற குடும்பப்பெயர் 1934 ஜூன் குடும்பப்பெயர்ச் சட்டத்துக்குப் பின் வந்தது. அதுவரை அவர் அலி சாமி பே. (ஷெவ்கியின் 'எகே'யும் அப்படித்தான். 1934-க்கு முந்தைய ஆவணம் என்று சொல்லி 'யென்' என்ற கையெழுத்தோடு ஏதாவது வந்தால் நம்ப வேண்டாம்.) யென் என்றால் துருக்கியில் 'வெல்' என்ற ஏவல். 19 வயதில் "வெல்வது" என்று குறிக்கோள் எழுதியவர், 48 வயதில் குடும்பப்பெயர் எடுக்கச் சட்டம் சொன்னபோது அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார். மூன்றாவது, கழகத்தின் பெயர். அது ஃபோர் பள்ளி ஆட்டத்துக்குப் பின் மற்றவர்கள் வாயிலிருந்து வந்தது.

இப்படி எழுதிப் பாருங்கள்:

"1905 அக்டோபரில், மெக்தெப்-இ சுல்தானியின் ஐந்தாம் வகுப்பில், பின்னாளில் யென் என்று குடும்பப்பெயர் கொண்ட அலி சாமியும் வகுப்புத்தோழர்களும் ஒரு கால்பந்துக் குழுவை அமைத்தனர். அதற்கு அப்போது பெயரும் இல்லை, நிலைத்த நிறமும் இல்லை."

#23 வில்லைப்பெட்டி

"முத்திரையும் இல்லை" என்பதையும் சேர்த்துவிடுங்கள் நண்பரே.